அடுத்த வருடத்து மே மாதம்

அடுத்த வருடம் தைப்பூசம் என்ன கிழமை என்று கேட்டால் யோகேஸ்வரி யோசிக்காமல் சொல்லிவிடுவாள். இந்த வருடத் தைப்பூசம் என்றைக்கு வந்துபோனது என்று கேட்டால் முழிப்பாள். அதை மறதி என்று சொல்ல முடியாது. அவள் பார்க்கும் வேலை அப்படி.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் ஏழு வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். பஞ்சாங்கக்காரர் எழுதி அனுப்பும் மூலத்தையும் அச்சிலிருந்து வரும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம் என்று ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து ஒப்பிட வேண்டும். ஆடிப் பெருக்கன்று மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி ஏஜெண்டுகள் கையில் கொடுத்தாக வேண்டும். அதனால் கோடை முழுவதும் அந்தப் பிரிவில் உள்ளவர்கள் அடுத்த வருடத்தில்தான் குடியிருப்பார்கள். வருங்காலம் என்று ஒன்று இன்னும் கிடையாது என்று யோசிக்கத் தெரிந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். சிவகாசியில் அது ரீம் ரீமாக அடுக்கப்பட்டு, தலையில் தகரப் பட்டை அடிக்கப்பட்டு, ஆணியில் மாட்டத் தயாராக இருக்கிறது. வாதத்தில் எந்தப் பக்கம் சரி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செக்கிங்கில் இருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாதத் தாளின் மாதிரிப் பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். மேசையில் உட்கார்ந்து தேடும்போது தப்பித்துவிடும் பிழை, பால் பொங்கக் காத்து நிற்கும்போது தானாக வந்து கண்ணில் விழும். யோகேஸ்வரி வீட்டிலும் அது உண்டு. அந்தப் பிரதியில் தேதிக் கட்டங்கள் மட்டும்தான் இருக்கும். சாமி படமும் வருடமும் கடைப் பெயரும் வேறு அச்சுப் பிளேட்டில் பிறகு ஏறும்.

குடியிருப்பது விருதுநகர் பாண்டியன் நகரில், மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு. தினமும் காலை பஸ் ஏறி ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி. கணவன் மகேஷ்குமார் விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறான். மகள் ஆர்த்தி ஆறாவது முடிக்கிறாள். மகன் ஹரிபிரசாத் இரண்டாவது.

சிக்கல் பங்குனி கடைசியில் தொடங்கியது. செக்கிங் பிரிவுக்குத் தலைவர் ரத்தினசாமி. முப்பது வருடமாகத் தாள்களைப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். ஒருநாள் அவளைத் தன் மேசைக்கு அழைத்தார்.

“தாயி, கண்ணுல புரை விழுந்துருச்சு, ஆபரேசன் பண்ணணும்னுட்டாக. இந்த வருசம் கடைசிப் பார்வைக்கு ஒன்னயத்தான் உக்கார வைக்கலாம்னு இருக்கேன்.”

கடைசிப் பார்வை என்பது அந்தப் பிரிவில் ஒரு நாற்காலி. அதில் இருப்பவர் கையெழுத்துப் போட்ட பிறகு யாரும் தாளைத் திரும்பப் பார்ப்பதில்லை. நேராகப் பிளேட்டுக்குப் போய்விடும். சம்பளம் இரண்டாயிரம் கூடும். அதைவிட, அந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அவள் மனதில் எது முன்னால் நின்றது என்பது அவளுக்கே தெளிவில்லை.

“சரி அண்ணாச்சி” என்றாள்.

“என்ன சரி? மே மாசம் பூரா வேலை. போன வருசம் மாதிரி பிள்ளைகளுக்கும் லீவு எனக்கும் லீவுன்னு போயிருவியாக்கும்? இடையில நீ எந்திரிச்சுப் போனா, நான் வேற ஆளத்தான் உக்கார வைக்கணும். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

“போகமாட்டேன் அண்ணாச்சி. பிள்ளைகளைக் கேம்ப்ல விடலாம்னு இருக்கோம்.”

“கேம்ப்பா? ரெண்டு பேரையும் ராணுவத்துல சேத்துட்டியா?”

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கேம்ப் பற்றி அதுவரை வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் கணக்குப் போட்டார்கள். விருதுநகரில் கோடைக்குப் பஞ்சமில்லை என்பதுபோல, கோடை வகுப்புகளுக்கும் பஞ்சமில்லை. ஸ்கேட்டிங், அபாகஸ், ஓவியம், சிலம்பம், ரோபோ செய்வது. எல்லாவற்றுக்கும் போனில் படம் வந்திருந்தது. எல்லாப் படத்திலும் ஒரே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தன.

“எனக்குச் சிலம்பம்” என்றாள் ஆர்த்தி.

“சிலம்பம் காலைல ஒரு மணி நேரம். அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் கம்பை ஊண்டிக்கிட்டு எங்கன நிப்ப?” என்றாள் யோகேஸ்வரி.

“எனக்கு ஐஸ் குடுக்குற கேம்ப்” என்றான் ஹரி.

“ஏலே, அதுக்குப் பேரு கேம்ப் இல்ல, கல்யாண வீடு” என்றான் மகேஷ்குமார்.

இப்படிப் பார்த்ததில், பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்ற கேள்வி எப்போது விழுந்துபோனது என்று யாருக்கும் தெரியவில்லை. எது அதிக நேரம் வைத்திருக்கும் என்பதே கேள்வியாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஆமத்தூர் போகும் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் முழுநாள் முகாம் நடத்துகிறது. காலையில் விட்டால் சாயங்காலம் வரை. அதற்குப் பிறகு யோகேஸ்வரி வந்து சேரும்வரை கீழ்வீட்டில் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச், ஒரு பிள்ளைக்கு நாலாயிரம். இரண்டு பேட்சும் வேண்டும், இரண்டு பிள்ளைகளுக்கும் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.

மகேஷ்குமார் போனில் தட்டிப் பார்த்தான். “பதினஞ்சாயிரத்து இருநூறு. ஒன் சம்பளம் பதினேழு. பஸ்ஸுக்கு, ஸ்நாக்ஸுக்கு எல்லாம் போனா…” நிமிர்ந்தான். “அப்ப மே மாசம் நீ வேலைக்குப் போறதே, மே மாசம் நீ வேலைக்குப் போறதுக்காகத்தானா?”

“ஏன் என் சம்பளத்துல மட்டும் கழிக்கீக? உங்க சம்பளத்துல பாதி, என் சம்பளத்துல பாதின்னு போட்டுப் பாருங்களேன்.”

அவன் அப்படியும் போட்டுப் பார்த்தான். “எப்படிப் போட்டாலும் மிச்சம் அதேதான் வருது.”

“தொகை அதேதான்.”

“பிறகென்ன?”

தொகை மாறவில்லை, ஆனால் ஏதோ மாறியது. எந்தப் பையிலிருந்து எடுக்கிறோம் என்பதால் ஒரு செலவு வேறு செலவாகுமா என்று கேட்டால், கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் ஆகாது என்பார்கள். குடும்பம் நடத்துகிறவர்கள் உடனே அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் முகாமைக் கவனித்துக்கொண்டது ஆவுடைத்தாய் டீச்சர். பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, இரண்டு டீ-சர்ட் கொடுத்தார். “மொத பேட்ச் மே அஞ்சாந்தேதி. அன்னிக்குக் காலைலயே பிள்ளைகளைக் கொண்டுவந்து மீதிப் பணத்தைக் கட்டிரணும். வராத பிள்ளை எடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம். வெளிய அம்புட்டுப் பேரு நிக்காக.”

அன்று இரவு சோறு கொதிக்கும்போது யோகேஸ்வரி சுவரைப் பார்த்தாள். “அஞ்சாந்தேதி செவ்வாய்க்கெளமை” என்றாள். வீட்டில் இந்த வருடக் காலண்டரும் உண்டு. கூடத்தில் தொங்கும் தினத்தாள். ஆனால் அது ஹரி கிழிக்கக் கிழிக்க அன்றைய ஒரு நாளைத்தான் காட்டும். முன்கூட்டித் திட்டம் போட வேண்டுமென்றால் அந்த வீட்டில் எல்லோர் கண்ணும் போவது அடுப்படிக்குத்தான். மகேஷ்குமாரும் எட்டிப் பார்த்தான். “ஆமா, செவ்வா.”

பள்ளிக்குக் கோடை லீவு விட்டதும் பிள்ளைகள் அருப்புக்கோட்டையில் யோகேஸ்வரியின் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அக்கா குடும்பம் அடுத்து சென்னைக்குக் கிளம்புவதால் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட வேண்டும். செவ்வாயன்று முகாம். இடையில் திங்கள் ஒருநாள் மட்டும் தொங்கலில் நின்றது. அதற்கு மகேஷ்குமார் கடையில் ஒருநாள் லீவு கேட்டான். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். திட்டத்தில் ஓட்டையே இல்லை. திங்கள் அப்பா, செவ்வாய் முகாம் என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள். அஞ்சாந்தேதி என்ற சொல்லை அதன் பிறகு வீட்டில் யாரும் சொல்லவில்லை. கிழமை தெரிந்துவிட்டால் தேதி எதற்கு?

திங்கள் வந்தது. மகேஷ்குமார் பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குல்லூர்சந்தை அணை பார்க்கப் போனான். அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. மூவரும் தண்ணீரைத் தேடி நடந்து, சேற்றில் இறங்கி, ஹரி ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தான்.

சிவகாசியில் யோகேஸ்வரி கடைசிப் பார்வை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டிசைன் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அந்தப் பிரிவில் எல்லோரும் போனை வாசலிலுள்ள பெட்டியில் போட்டுவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனை எடுத்தபோது ஆவுடைத்தாய் டீச்சரிடமிருந்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லக் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அழைத்தாள்.

“என்னம்மா, பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலயே?”

“நாளைக்குத்தானே டீச்சர்?”

“நாளைக்கு ஆறாந்தேதி.”

யோகேஸ்வரி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அது மே 5, திங்கள் என்றது. அன்று காலையிலிருந்து எத்தனை தடவை அதைப் பார்த்திருப்பாள் என்று தெரியாது. அவளுக்கு வந்த முதல் எண்ணம், போனில் பிழை இருக்கிறது என்பதுதான். மூலத்தில் செவ்வாய் என்றுதானே இருக்கிறது? காலையில்தான் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு மெல்ல மெல்ல, பஸ் ஸ்டாண்டில் தவறான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவருக்குப் புரிவதுபோல, அவள் எந்த வருடத்து மே மாதத்தை வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்து இந்த வருடத்தைத் திட்டமிட்டாள் என்பது புரிந்தது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பள்ளிக்கூட வாசலிலேயே இறங்கினாள். மகேஷ்குமார் பிள்ளைகளோடு ஏற்கனவே நின்றிருந்தான். ஹரியின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

ஆவுடைத்தாய் டீச்சர் கடுமையானவர் அல்ல. ஆனால் களைத்திருந்தார். “பதினோரு மணி வரைக்கும் பாத்தேன். போனும் எடுக்கல. ரெண்டு எடத்தையும் குடுத்துட்டேன். அவுகளும் பணம் கட்டிட்டாக.”

“தேதி குழம்பிருச்சு டீச்சர். அடுத்த வருசத் தாளைப் பாத்து…”

“எங்கன வேலை பாக்கீக?”

“காலண்டர் கம்பெனில.”

டீச்சர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். “காலண்டர் கம்பெனில இருந்துக்கிட்டா தேதி தெரியல?”

மகேஷ்குமார் சிரித்துவிட்டான். யோகேஸ்வரி திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றினான்.

முதல் பேட்சுக்குக் கட்டிய முன்பணம் திரும்பாது. இரண்டாவது பேட்சில் இரண்டு இடமும் அப்படியே இருக்கிறது, அது பத்தொன்பதாம் தேதி. “பத்தொம்பது திங்கக்கெளமை. எழுதிக் குடுக்கவா?” என்றார் டீச்சர். வேண்டாம் என்றார்கள். ஆனால் இரண்டு வாரம் பிள்ளைகளுக்குப் போக இடமில்லை. போக இடமில்லையென்றால் யோகேஸ்வரிக்கு லீவு. லீவென்றால் நாற்காலி இல்லை. வீடு வரும்வரை ஸ்கூட்டரில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்கு பேர் ஒட்டி உட்கார்ந்திருந்ததில் பேசவும் இடமில்லை.

மறுநாள் ஒரு நாளைக்கு மகேஷ்குமார் இன்னொரு லீவு சொன்னான். யோகேஸ்வரி போய் ரத்தினசாமியிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்தார். சிரித்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். பிரிவு முழுவதும் விஷயம் பரவி, பிளேட் செக்‌ஷன் வரை போனது. “நான் ஒருக்கா மருமகன் நிச்சயத்துக்கு மதுரைக்கு மொத நாளே போய் எறங்கிட்டேன் தாயி. மண்டபத்துல பூட்டு தொங்குது. கல்யாணத்தையே நிப்பாட்டிட்டாக போலன்னு வாட்ச்மேன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்தேன்” என்றார் ரத்தினசாமி.

அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். “சரி, இப்ப என்ன செய்யப் போற?”

“ரெண்டு வாரம் லீவு குடுத்தா…”

“குடுக்குறேன். ஆனா நாற்காலி அதுவரைக்கும் சும்மா இருக்காதுல்ல? எங்கண்ணு அப்படி. யோசிச்சு நாளைக்குக் காலைல சொல்லு.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குச் சிரமமாக இருந்தது. கோபித்திருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

மதியம் குருவம்மாளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். குருவம்மாள் தகரப் பட்டை அடிக்கும் பிரிவில் இருக்கிறவள். தாயில்பட்டியிலிருந்து வருகிறாள். புருஷன் ஆண்டிச்சாமிக்குப் பட்டாசு ஆலையில் வேலை. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். யோகேஸ்வரி கேட்டாள்: “நீ மே மாசம் பிள்ளைகளை என்னக்கா செய்வ?”

“என்ன செய்ய? வீட்டுலதான் கெடக்குதுக. ஆலைப் பக்கம் தலையக் காட்டக் கூடாது, அது ஒண்ணுதான் சட்டம். வெயில் ஏறுனா வெடிமருந்து வேலைய நிப்பாட்டிருவாங்க, அவரு பன்னண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துருவாரு. பிறகு அவரு பாடு, பிள்ளைக பாடு.”

“அவரா பாப்பாரு?”

“பாக்காரு. பாத்து என்ன, தெனம் புரோட்டா வாங்கிக் குடுத்து ரெண்டும் வயித்த வலின்னு கெடக்கு.” குருவம்மாள் ஊறுகாயைத் தள்ளிவைத்தாள். “ஏன், ஒன் பிள்ளைகளுக்கு அப்பன் இல்லியா?”

குத்தலாகத்தான் கேட்டாள். ஆனால் யோகேஸ்வரிக்கு அது குத்தலாகப் படவில்லை. கணக்கில் ஒரு வரி விடுபட்டிருப்பதை யாரோ சுட்டிக் காட்டியதுபோல் இருந்தது. எத்தனை திட்டம் போட்டார்கள்! அக்கா வீடு, கீழ்வீடு, முகாம், தள்ளுபடி. திங்களுக்கு ஒருநாள் அப்பா. அந்த ஒருநாளை இரண்டாக்கிப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. அது ஏன் தோன்றவில்லை என்று பஸ்ஸில் வழி முழுவதும் யோசித்தாள். காரணம் பிடிபடவில்லை. அவன் மறுத்ததில்லை, அவள் கேட்டதில்லை. கேட்காததால் மறுக்கவில்லையா, மறுப்பான் என்பதால் கேட்கவில்லையா என்று பார்த்தால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றி வந்தன.

இரவு கேட்டாள். “ரெண்டு வாரம் நீங்க இருக்கீகளா?”

“நானா? வத்தல் சீசன்ல?”

“எனக்கும் சீசன்தான்.”

“என் சம்பளம் கூடல்ல?” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். போனை எடுத்துத் தட்டினான். அரைச் சம்பளம் போனால் இரண்டு வாரத்துக்கு எவ்வளவு, முகாமுக்குக் கட்டாமல் மிஞ்சும் மீதிப் பணம் எவ்வளவு. தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை தட்டினான். “ஏட்டி, கிட்டத்தட்ட சமமா வருது. நூறு எரநூறு வித்தியாசம்.”

“யாருக்கு லாபம்?”

“அதான் தெரியல.”

மறுநாள் விடியுமுன் கடைக்குப் போனான். விடிகாலையில் வரும் லோடுகளை எழுதிவிட்டு யோகேஸ்வரி பஸ் ஏறுமுன் வீட்டுக்கு வந்துவிடுவது, இரவு அவள் வந்த பிறகு போய்ப் பட்டியல் போடுவது, இடையில் சம்பளம் கிடையாது. முதலாளி இதற்கு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, “வீட்டுல எதும் பிரச்சனையாப்பா?” என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை என்றான் மகேஷ்குமார்.

யோகேஸ்வரி அன்று ரத்தினசாமியிடம் லீவு வேண்டாம் என்றாள். அவர் தன் மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அவள் மேசையில் வைத்தார்.

அந்த இரண்டு வாரத்தைப் பற்றி என்ன சொல்வது? மகேஷ்குமார் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொண்டான் என்று சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தது உப்புமா ஒன்றுதான் என்பது இரண்டாம் நாளே தெரிந்தது. நான்காம் நாள் ஆர்த்தி, “எப்பா போனையே பாத்துக்கிட்டு இருக்காரும்மா” என்று புகார் சொன்னாள். ஆறாம் நாள் அவன், “இவ என்கிட்டப் பேசவே மாட்டேங்கா” என்று புகார் சொன்னான். முகாமுக்குக் கொடுத்த டீ-சர்ட்டைத்தான் ஹரி தினமும் போட்டுக்கொண்டு திரிந்தான். மார்பில் முகாமின் பெயர், முதுகில் சிரிக்கும் சூரியன். எந்த முகாம் என்று கேட்டவர்களிடம், “வீட்டு முகாம்” என்று சொன்னான். கீழ்வீட்டுக்காரர்கள் அதையும் நம்பினார்கள்.

ஒருநாள் மதியம் போனைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது ஏழு அழைப்புகள் தவறியிருந்தன. யோகேஸ்வரி வாசலில் நின்றபடியே அழைத்தாள்.

“என்ன ஆச்சு? ஹரிக்கு என்ன?”

“ஹரிக்கு என்ன? அவன் தூங்குறான். பெருங்காயம் எங்கன வச்சிருக்க?”

“அதுக்கு ஏழு தடவையா?”

“நீ எடுக்கல. சாம்பார் வைக்கலாம்னு பாத்தேன்.”

அவள் இடத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு சாப்பாட்டைத் திறக்காமலே மேசைக்குத் திரும்பினாள். வந்தது கோபமா, சிரிப்பா, அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. அவன் வீட்டில் இருக்கிறான் என்பதால் அவள் நிம்மதியாக இருக்க வேண்டும். அப்படித்தான் கணக்கு. ஆனால் தாளில் விரல் வைத்துப் போகும்போது, வீட்டில் பெருங்காய டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்பது வரைக்கும் அவள் தலைக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழுவதுமாக உட்கார்ந்திருந்தாளா என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்த இரண்டு வாரத்தில் அவள் கண்ணிலிருந்து ஒரு பிழையும் தப்பவில்லை. பிரதோஷம் ஒன்று ஒரு நாள் தள்ளி விழுந்திருந்ததை, மூலத்திலேயே தவறு என்று கண்டுபிடித்தாள். ரத்தினசாமி பஞ்சாங்கக்காரரை அழைத்துச் சரிபார்த்துவிட்டு, “சரிதான்” என்றார். அவரிடமிருந்து அது அதிகம்.

பத்தொன்பதாம் தேதி நெருங்கியது. இந்த முறை நான்கு பேரும் நான்கு விதமாகச் சரிபார்த்தார்கள். மகேஷ்குமார் போனில், ஆர்த்தி பேப்பரில், யோகேஸ்வரி டீச்சரிடமே கேட்டு. ஹரி விரல்விட்டு எண்ணி இருபது என்றான், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

முந்தின நாள் ராத்திரி ஆர்த்தி சொன்னாள்: “எம்மா, நான் போகல.”

“ஏன்?”

“சும்மா.”

“சிலம்பம்கூடச் சொல்லித் தாராகளாம்.”

“அப்பன்னாலும் வேண்டாம்.”

“நானும் போகல” என்றான் ஹரி, எதற்கு என்று தெரியாமலே.

யோகேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். “பணம் கட்டியாச்சு” என்றான். சிறிது நேரம் கழித்து, “எனக்கும் முழு நேரத்துக்குக் கடைக்குப் போகணும்” என்றான். இன்னும் கொஞ்சம் கழித்து, யாரையும் பார்க்காமல், “இவுகளுக்கு நேத்துதான் நான் சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கத்துக் குடுத்தேன். பாதில நிக்கி” என்றான். போகச் சொல்லிக் கேட்கிறானா, வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கேட்கிறானா? இரண்டு வாரம் முன்பு இதே பிள்ளைகளுக்கு இடம் போய்விட்டதென்று பள்ளிக்கூட வாசலில் யோகேஸ்வரி கிட்டத்தட்ட அழுதாள். இப்போது இடம் இருக்கிறது, பணம் இருக்கிறது, நாளும் சரியாக இருக்கிறது. யாருக்கும் போக மனமில்லை. அப்படியானால் இவ்வளவு நாள் வாங்க முயன்றது எதை?

“போகட்டும்” என்றாள்.

காலையில் மகேஷ்குமார் பிள்ளைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முன்னால் கிளம்பினான். யோகேஸ்வரி பஸ் பிடித்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் ஆமத்தூர் ரோட்டில் திரும்பிப் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது வாசலில் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. கேட்டை மூடியிருந்தார்கள். மகேஷ்குமார் ஹெல்மெட்டைக் கழற்றாமல் வண்டியில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்குப் போகிற நேரம் தாண்டிவிட்டது.

போனில் அழைத்தாள். “பஸ்லருந்து பாத்தேன். என்ன, அங்கனயே நிக்கீக?”

“போகணும்.”

“ஹரி அழுதானா?”

“அவன் எங்க அழுதான்? உள்ள ஐஸ் வண்டி நிக்கி. செருப்பக்கூடக் கழட்டாம ஓடிட்டான். ஆர்த்தியும் திரும்பிப் பாக்கல.”

“நல்லதுதான?”

“நல்லதுதான்.”

“பிறகு என்னத்த மறந்துட்டீக?”

“ஒண்ணும் மறக்கல” என்றான். அவன் பக்கத்தில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. “ஒண்ணும் மறக்கல. அதான் நானும் யோசிக்கிறேன்.”

“கடைக்குப் போங்க” என்றாள். சொல்லிவிட்டு, அதைச் சொன்னது சரிதானா என்று யோசித்தாள். அவன் சரி என்றான். ஆனால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. இருவரும் போனை வைக்காமல் இருந்தார்கள். பஸ் ஆமத்தூரைத் தாண்டியது. பேச எதுவும் இல்லாததால்தானா, பேச வேண்டியது எது என்று தெரியாததால்தானா, திருத்தங்கலில் சிக்னல் போகும்வரை அழைப்பு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.